ஏலத்துக்கு வந்த காப்பி மூட்டை

1986 டிசம்பர். ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் காலம். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எஸ்டேட் சூப்பர்வைசர் தங்கராஜ் என் அண்ணன் எபியை சில்வர் ஓக் மரத்தில் கட்டினார். மத்தியானச் சங்கு ஊதும்வரை அவிழ்க்கவில்லை. கர்த்தர் எங்களுக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமானால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

எபி என்னைவிட மூன்று வயது மூத்தவன். பேச்சு வராது. யாராவது தொட்டால் உடம்பு விறைத்துக்கொள்ளும். தண்ணீர் ஓடுகிற இடத்தில் மணிக்கணக்காக நிற்பான். கதவு, டப்பா, குழாய் எது திறந்திருந்தாலும் மூடிவிட்டுத்தான் நகர்வான். மூடியதைத் திறந்ததே இல்லை. ஆட்டிசம் என்ற சொல் பல வருஷம் கழித்துத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதுவரை இருந்தவை மற்றவர்கள் வைத்த பெயர்கள். அவற்றை இங்கே எழுதமாட்டேன்.

அன்று காலை, தோலுரித்த காப்பிக்கொட்டை ஊறிக்கொண்டிருந்த தொட்டி பாதி காலியாகக் கிடந்தது. அடைப்பு பிடுங்கப்பட்டிருந்தது. எபி வழக்கம்போல அருகே நின்றிருந்தான்.

"இந்தக் கிறுக்கன்தானுங்க சார் புடுங்கி உட்டுட்டான். எல்லாம் ஓடையில போயிருச்சு" என்று சூப்பர்வைசர் மேனேஜரிடம் சொன்னார்.

தங்கராஜ் எங்கள் சபைக் கமிட்டியிலும் இருந்தவர். ஜெபத்தில் கண்ணீர் விடுவார். என் அப்பா அவருக்குக் கீழே கணக்கு எழுதும் ரைட்டர். மேனேஜர் தீர்த்துச் சொன்னார்: ஜனவரி முடிவதற்குள் எபியை மலைக்குக் கீழே எங்காவது விடுதியில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் எஸ்டேட் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

நான் அப்போது சேலத்தில் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். லீவுக்கு வந்திருந்தேன். தொட்டியிலிருந்து ஓடைவரை வாய்க்காலோடு நடந்து பார்த்தேன். அவ்வளவு கொட்டை ஓடியிருந்தால் கல்லிடுக்கில், வேரில், வளைவில் கொஞ்சமாவது தங்கியிருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "நீ படிக்கிற பொண்ணு, பாடத்தைப் பாரு" என்றார்.

அப்பாவிடம் சொன்னேன். "சூப்பர்வைசரைப் பகைச்சுக்கிட்டு இந்த ஊட்டுல இருக்க முடியாது சாமி" என்றார்.

எபியின் மணிக்கட்டுகளில் கயிற்றுத் தடம். எண்ணெய் தடவ அம்மாவை விடவில்லை. மூன்று நாள் சாப்பிடவில்லை. தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. அவனை ஒரு விடுதியில் விட்டால் இப்படியே சுருண்டு செத்துப்போவான் என்று எனக்குத் தெரியும்.

அதுவரை நான் மரியாதையாக ஜெபித்தவள். அன்று பெயர் சொல்லி ஜெபித்தேன். அண்ணன் எங்களோடு இருக்க வேண்டும் என்று முதலில் கேட்டேன். அப்புறம் தங்கராஜைப் பற்றிக் கேட்டேன். கட்டிய கை விளங்காமல் போக வேண்டும். அவர் சொல்லை யாரும் நம்பக்கூடாது. சபையார் எல்லோருக்கும் முன்பாக அவர் தலை குனிய வேண்டும். ஐந்து வாரம், தினமும் இதே வரிசையில் கேட்டேன். ஒரு வார்த்தையையும் மென்மையாக்கவில்லை.

ஜனவரி கடைசி ஞாயிறு, அறுப்பின் பண்டிகை. எபியின் துணிகளை அம்மா டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்தாகிவிட்டது. ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டார்கள். பூசணி போயிற்று, சேவல் போயிற்று. அடுத்து ஒரு அரை மூட்டை வந்தது.

"சூப்பர்வைசர் அய்யாவோட சொந்தத் தோட்டத்துக் காப்பிங்க. தசமபாகமாக் கொண்டாந்திருக்காரு" என்றார் ஏலம் விட்டவர்.

மலைக்குப் புதியவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எஸ்டேட்டில் பழத்தை பல்ப்பர் மெஷினில் தோலுரித்து, தொட்டியில் ஊறவைத்துக் கழுவிக் காயவைப்போம். கொட்டை வெளுத்து மஞ்சளாக இருக்கும். ஓர் ஏக்கர் வைத்திருப்பவர்களிடம் மெஷின் கிடையாது. பழத்தை அப்படியே வெயிலில் போடுவார்கள். அது கறுத்துச் சுருங்கித் தோலோடு இருக்கும். சூப்பர்வைசருக்கு இருந்தது ஓர் ஏக்கர். மூட்டையைப் பிரித்தபோது தெரிந்தது மஞ்சள்.

மாரமங்கலத்திலிருந்து வருஷாவருஷம் ஏலத்துக்கு வரும் விவசாயி சடையன் மூட்டைக்குள் கையை விட்டார். "ஏனுங்க சூப்பர்வைசரே, ஊட்டுக்கு பல்ப்பர் எப்ப வாங்குனீங்க? சத்தமே கேக்கலீங்களே?"

நாலு பேர் சிரித்தார்கள்.

"வெலைக்கு வாங்குனதுங்க."

"இப்பத்தான் சொந்தத் தோட்டமுன்னாங்க. செரி, யாருகிட்ட வாங்குனீங்க? சொன்னா நானும் போய் ரெண்டு மூட்டை வாங்கிக்குவேன்."

முன்வரிசையிலிருந்து மேனேஜர் எழுந்து வந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். அன்று சாயங்காலமே ஆட்களோடு தங்கராஜ் வீட்டுக்குப் போனார். தொட்டியிலிருந்து அள்ளிக் காயவைத்தது பரணில் நாலரை மூட்டை இருந்தது. பத்தில் ஒன்று என்று தசமபாகத்தைச் சரியாகத்தான் எடுத்திருக்கிறார்.

அதைச் சேலத்தில் விற்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கர்த்தருக்கும் ஒரு பங்கு போனால் திருட்டு கழிந்துவிடும் என்று நினைத்தாரோ, எல்லோர் கண் முன்னாலும் கறுத்த காப்பியைக் கொடுக்கக் கூச்சப்பட்டாரோ, எனக்குத் தெரியாது. யாரும் கூப்பிடாமல் அவரே தூக்கிக்கொண்டு ஆலயத்துக்கு வந்தார். அவரைக் கொண்டுவந்தது யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

தலை குனிந்து அவர் வாசலைத் தாண்டியதை நான் கண் எடுக்காமல் பார்த்தேன். அதைப்போல் ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்பு வந்ததில்லை. சாட்சியில் பொய் சொல்லக்கூடாது.

கேட்டவற்றில் கை விளங்காமல் போவதை மட்டும் கர்த்தர் கொடுக்கவில்லை. மற்றதெல்லாம் கிடைத்தது. வேலை போனதும் தங்கராஜ் குடும்பத்தோடு மலையிறங்கினார். மேனேஜர் அப்பாவிடம், "அப்படியே இருங்க ரைட்டர்" என்றார். எபியிடம் எதுவும் சொல்லவில்லை. அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்துக் கொடியில் போட்டார்.

"மன்னிச்சுடு கண்ணு, அவரும் புள்ளகுட்டிக்காரரு" என்று எங்கள் போதகரின் மனைவி ஆயரம்மா சொன்னார்.

"கட்டி வெச்சது என்னை இல்லைங்கம்மா" என்றேன். வருஷங்கள் ஆகியும் என்னிடம் வேறு பதில் வரவில்லை. அதையும் கர்த்தரிடமே சொல்லியிருக்கிறேன்.

இன்று நான் சேலத்தில் டெக்னீஷியன். அண்ணனும் அம்மா அப்பாவும் என்னோடு இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் வாய் திறந்து சொல்ல முடியாத ஒரு பிள்ளைக்கு யாராவது கொடுமை செய்திருக்கலாம். நீங்கள் கல்லெடுக்க வேண்டாம். கர்த்தரிடம் போங்கள், பெயரோடு சொல்லுங்கள், உங்கள் கோபத்தை அலங்கரிக்காதீர்கள். அவர் அதற்கெல்லாம் முகம் சுளிப்பவர் அல்ல. எவ்வளவு கொடுப்பது, எதை மறுப்பது என்று அவருக்குத் தெரியும்.