ஒரே வீட்டுக்கு இரண்டு விசாரிப்பு

அமெரிக்காவின் அயோவாவில் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டும் நெல்வாவுக்குப் பனியும் பயமில்லை, புயலும் பயமில்லை. வருடத்துக்கு ஒருமுறை சபை மூப்பர் வீடு தேடி வந்து விசுவாசத்தை விசாரிக்கும் மாலைதான் பயம்.

அவளும் ஆர்லிஸ் என்ற பெண்ணும் முப்பது வருடமாகத் தம்பதிபோல் வாழ்கிறவர்கள். ஊருக்கே தெரியும். சபைக் கணக்கில் மட்டும் இரண்டு குடும்பம். மூப்பர் முதலில் நெல்வாவை விசாரிப்பார்; அதுவரை ஆர்லிஸ் கார் கொட்டகையில் குளிரில் நிற்பாள். பிறகு ஆள் மாறும். காப்பி, பாதாம் சுருள், ஜெபம் எல்லாமே இரண்டு தடவை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் எங்கள் சபையை மிஞ்ச ஆளில்லை. பக்கத்து வீட்டுக்காரியான எனக்கு எரிச்சலாக வரும்.

அந்தக் குளிர்காலம் சபையில் இதே விஷயமாக வேதப் படிப்பு நடந்தது. பவுல் எழுதிய ரோமர் நிருபத்தைப் பிடித்துக்கொண்டு, ஒருபால் உறவு பாவமென்று உரக்கப் பேசியவர் ஹார்லன். அவரே இம்முறை மூப்பராக வருகிறார்.

"திருவிருந்துல இருந்து எங்களைத் தள்ளி வச்சிருவாரு, பாரேன்," என்றாள் நெல்வா. அப்பமும் ரசமும் பகிரும் அந்தப் பந்தியில் இடமில்லையென்றால் சபையிலேயே இடமில்லை என்று அர்த்தம். தைரியத்துக்கு நான் அடுப்படியில் இருந்தேன்.

ஹார்லன் உள்ளே வந்ததும் ஆர்லிஸ் வழக்கம்போல மேலங்கியை எடுத்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"கொட்டகைக்கு. என் முறை அப்புறம்தானே?"

"பேசாம உக்காரு. எனக்குச் சர்க்கரை வியாதி. ரெண்டு தடவை பலகாரம் தின்னா, வீட்டுக்காரி என்னைத் தள்ளி வச்சிருவா."

யாரும் சிரிக்கவில்லை. அவர் வேதாகமத்தைத் திறந்தார்.

"பவுல் இங்க திட்டுறது, கடவுளை விட்டுட்டு இச்சைக்குப் பின்னால ஓடுனவங்களை. என் வீட்டுக்காரி இடுப்பு ஒடஞ்சு கெடந்தப்ப, மாத்தி மாத்தி வந்து குளிப்பாட்டுனது நீங்க ரெண்டு பேரு. இந்தப் பக்கத்துல உங்களைத் தேடித் தேடிப் பாத்தேன். காணோம்."

"சபை இன்னும் முடிவு பண்ணலையே?" என்று கேட்டாள் நெல்வா.

"பண்ணல. சில பேரு ஒத்துக்கவே மாட்டாங்க. எனக்கே பாதிதான் புரிஞ்சிருக்கு. ஆனா திருவிருந்துல இருந்து உங்களை எழுப்ப எனக்கு மனசு வராது." பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "இந்த வீட்ல ஜெபம் ஒழுங்கா நடக்குதா?"

"இவ பாதியிலயே தூங்கிருவா," என்று போட்டுக்கொடுத்தாள் ஆர்லிஸ்.

நெல்வா சிரித்தபடியே அழுதாள். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. இரண்டாவது விசாரிப்புக்காக வெட்டி வைத்திருந்த பாதாம் சுருளை அடுப்படியில் நின்றபடி நானே தின்று தீர்த்தேன்.