மெத்தையும் மணியும்

ரிப்பேர் கடையில் அவளுக்கு ‘ஈயம்’ என்று பெயர். நாள் முழுக்க வாஷிங் மெஷின் சர்க்யூட் போர்டுகளில் ஈயம் உருக்கி ஒட்டிக்கொண்டிருப்பதால் வந்த பட்டம். சாதுவானவள்தான். ஆனால் ‘இது இனி தேறாது’ என்று யாராவது ஒரு போர்டைத் தூக்கிப் போட்டால் மூக்கு சிவந்துவிடும். அதைப் பிழைக்க வைத்த பிறகுதான் டீ குடிப்பாள். வயது முப்பத்தாறு. வீட்டில் அம்மா, பார்சல் கிடங்கில் வேலை பார்க்கும் தம்பி, மூன்று வருடமாகப் படுக்கையோடு இருக்கும் அப்பா.

அப்பா லாரி ஓட்டியவர். ஒரு காலையில் குளியலறையில் விழுந்தார். வலது பக்கம் செயலிழந்தது, கூடவே பேச்சும் போனது. மிஞ்சியது இடது கை. அந்தக் கைக்கு எட்டும்படி கட்டில் சட்டத்தில் அவள் ஒரு பொத்தானைப் பதித்தாள். அழுத்தினால் சமையலறையில் மணி அடிக்கும். அதற்கென்று உள்ளங்கையளவு போர்டு ஒன்றுக்கு அவளே புரோகிராம் எழுதினாள். மணி அடித்ததும் அம்மா சிறுநீர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடுவாள். மூன்று வருடத்தில் ஒருநாள்கூடப் படுக்கை நனைந்ததில்லை. அதில் அப்பாவுக்கு ஒரு கர்வமே உண்டு.

இந்த வருடம் அவர் முதுகு சிவந்து புண்ணாகப் பார்த்தது. கட்டுப்பாட்டுப் பெட்டி செத்துப்போன காற்று மெத்தை ஒன்று கடைக்கு வந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இன்னொரு போர்டு, இன்னொரு புரோகிராம். ஒரு வரிசை அறைகளில் காற்று, ஐந்து நிமிடம் கழித்து அடுத்த வரிசையில் காற்று; முதுகு ஒரே இடத்தில் அழுந்தாது. மாறும்போது கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியில் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும்.

இரண்டும் தத்தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒருநாள் அம்மா கை தவறி மணி போர்டின் மேல் சூப்பைக் கொட்டினாள். அது உயிரை விட்டது.

“இவ்வளவு சின்ன வேலைக்கு எதுக்கு ரெண்டு போர்டு? மெத்தை போர்டே ரெண்டையும் பார்த்துக்கட்டும்” என்றாள் ஈயம்.

“ஒரே உறையில ரெண்டு கத்தியாக்கா?” என்றான் தம்பி.

“ரெண்டும் நான் தீட்டின கத்திடா. சண்டை போடாது.”

மணி புரோகிராமை எடுத்து மெத்தை புரோகிராமின் தலையில் ஒட்டினாள். சோதித்துப் பார்க்க ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் யார் காத்திருப்பது? ‘ஐந்து நிமிடம் பொறு’ என்று இருந்ததை ஒரு நொடியாக மாற்றிவிட்டு ஓட்டினாள். மெத்தை டக், டக் என்றது. பொத்தானை அழுத்தினாள், மணி அடித்தது. திருப்தியோடு ஒரு நொடியை மறுபடி ஐந்து நிமிடமாக்கி, பெட்டியை மூடித் திருகாணி போட்டாள். அதற்குப் பிறகு அவள் பொத்தானைத் தொடவில்லை.

மறுநாள் படுக்கை நனைந்தது. அதற்கடுத்த நாள் இரண்டு தரம்.

“என்னங்க, அழுத்தியிருக்கலாம்ல? நான் என்ன செவிடா?” என்று விரிப்பை உருவியபடி அம்மா கேட்டாள். அவர் இடது கையால் காற்றில் அழுத்திக் காட்டினார். அழுத்தினேன், அழுத்தினேன். பிறகு விரலைக் கட்டிலுக்கு அடியில் நீட்டினார்.

“மெத்தை குத்துதா? அதுக்காக இப்படியா?”

மணி அடிக்கவே இல்லையென்றால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அது அவ்வப்போது அடித்தது. அம்மா ஓடிப்போய்ப் பார்த்தால் காரியம் முடிந்திருக்கும். அவர் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருப்பார்.

“எல்லாம் ஆன பிறகு மணி அடிக்கிறார். அவருக்குப் பிடிபடலம்மா” என்றான் தம்பி, குரலைத் தாழ்த்தி. தாழ்த்திய குரலும் அந்த வீட்டில் எல்லா அறைக்கும் கேட்கும். தன் போர்டைச் சந்தேகிக்க ஈயத்துக்கும் தோன்றவேயில்லை.

சனிக்கிழமை தம்பி பெரியவர்களுக்கான டயபர் பொட்டலம் ஒன்றை வாங்கிவந்து கட்டில் ஓரம் வைத்தான். அப்பா அதைப் பார்த்தார். இடது கையை முழு வீச்சில் வீசினார். பொட்டலம் சுவரில் மோதி விழுந்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று அவர் பொத்தானைத் தொடவே இல்லை.

ஞாயிறு மதியம் ஈயம் அவருக்கு நகம் வெட்ட உட்கார்ந்தாள்.

“அப்பா, என்மேல கோபமா? நிஜமாவே அழுத்தினீங்களா?”

அவர் அவளையே வெறித்துப் பார்த்தார். பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அவள் விரலைப் பொத்தானில் வைத்து அதன்மேல் தன் விரலை அழுத்தினார். மணி அடிக்கவில்லை. அவர் விடவில்லை. அவள் விரல் நுனி வெளுத்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அவர் காது மட்டும் கட்டிலுக்கு அடியில் இருந்தது. ‘டக்’ என்றது மெத்தை. உடனே சமையலறையில் மணி அடித்தது.

அவர் விரலை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் நீட்டினார். இத்தனை நாளும் நீட்டிய அதே விரல். முப்பது வருடம் என்ஜின் சத்தத்திலேயே கோளாறைக் கண்டுபிடித்த காது அது.

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. ‘பொறு’ என்றால் அந்த போர்டு நிஜமாகவே பொறுக்கும். ஐந்து நிமிடம் எதையும் பார்க்காது, எதையும் கேட்காது. கண் விழிக்கும் அந்த ஒரு நொடியில் விரல் பொத்தானில் இருந்தால்தான் மணி அடிக்கும். சோதித்த அன்று அவள் போர்டை ஒரு நொடிதான் தூங்கவிட்டாள். அதனால் எல்லாம் சரியாக இருந்தது.

அப்போதே பெட்டியைத் திறந்தாள். ‘பொறு’ என்ற வரிகளையெல்லாம் அழித்தாள். அடுப்பில் பாலை வைத்த அம்மா அதன் முன்னாலேயே சிலையாக நிற்பதில்லை. காய் நறுக்குவாள், கதவைத் திறப்பாள், நடுநடுவே பாலையும் எட்டிப் பார்ப்பாள். போர்டையும் அப்படிப் பழக்கினாள். ஐந்து நிமிடம் ஆயிற்றா என்று கடிகாரத்தைப் பார். ஆகவில்லையா, பொத்தானைப் பார். மறுபடி கடிகாரம், மறுபடி பொத்தான்.

அம்மாவையும் தம்பியையும் கட்டிலருகே கூப்பிட்டாள்.

“அப்பா சரியாத்தான் அழுத்தியிருக்கார். தூங்கினது என் புரோகிராம். தப்பு என்னோடது.”

தம்பி பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். “ஸாரிப்பா” என்றான். அப்பா அவனைப் பார்க்கவில்லை.

“இப்ப அழுத்திப் பாருங்க, அப்பா.”

அவர் அழுத்தவில்லை. ‘டக்’ வரும்வரை காத்திருந்தார். வந்த பிறகும் காத்திருந்தார். இரண்டு நிமிடம் போயிருக்கும். முன்பு போர்டு ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, அழுத்தினார்.

மணி வீடே அதிர அடித்தது.

“இதோ வந்துட்டேங்க!” என்றாள் அம்மா, பழக்கதோஷத்தில், கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு.

அப்பாவின் வாய் இடப்பக்கமாகக் கோணியது. அது சிரிப்பு. உடனே கையை வாசல் பக்கம் ஆட்டிப் பிள்ளைகள் இருவரையும் வெளியே போகச் சொன்னார். அம்மாவிடம் மட்டும் பாத்திரத்தைக் காட்டினார்.