எழுபத்திரண்டாயிரத்துக்கு ஒரே ஒரு ஒயர்

மருதமுத்து மாமாவுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை. நாற்பதடி உயரத்துக் கூண்டில் உட்கார்ந்து, கீழே நிற்கிற ஆட்களை எறும்பாகப் பார்த்துப் பழகியவர். தரைக்கு இறங்கி வந்த பிறகும் அந்தப் பார்வை மாறுவதில்லை. எங்கள் பெஹாலா குவார்ட்டர்ஸில் அவரோடு சண்டை போடாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர் மனைவி தமயந்தி அத்தை. பக்கவாதம் வந்து அத்தைக்குப் பேச்சில் பாதி போய்விட்டது, இடது காலை இழுத்துத்தான் நடப்பார். இன்னொருவர் தண்ணீர் பம்ப் காவல்காரர். அவரும் போன வருஷம் செத்துப்போனார்.

எனக்கும் மாமாவுக்கும் சண்டை வந்தது கம்ப்யூட்டரால்.

இது 2006-ல் நடந்தது. பத்தாவதில் கணக்கில் இரண்டு தடவை விழுந்ததும் நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். சாந்தினி சந்தையில் உதிரிப் பாகங்கள் வாங்கி வந்து, வீட்டிலேயே கம்ப்யூட்டர் பூட்டி விற்றேன். முழு செட் இருபத்திரண்டாயிரம். குவார்ட்டர்ஸில் பத்து வீடுகளில் என் செட் இருந்தது, பத்தாவது மாமா வீடு. மஸ்கட்டில் இருக்கும் மகள் ஜெயப்ரியா ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கேமராவில் வருவாள். வாரம் முழுக்க வாயைத் திறக்காத அத்தை அந்த அரை மணி நேரம் மட்டும் திக்கித் திக்கிப் பேசுவார். அதற்காகத்தான் மாமா கம்ப்யூட்டரே வாங்கினார்.

மூன்றே மாதத்தில் ஒருநாள் காலை, அந்த செட்டை ஒரு வேன் ரிக்‌ஷாவில் போட்டுக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்கினார்.

"என்ன மாமா, ரிப்பேரா?"

"ஒரு எழவும் இல்ல. உன் குப்பைய நீயே வச்சுக்க."

"காசு திருப்பித் தரணுமா?"

"காசா கேட்டேன்? வழிய விடுலே."

காரணம் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஒரு பெரிய பெட்டி வந்து இறங்கியபோதுதான் காரணம் புரிந்ததாக நினைத்தேன். பார்க் ஸ்ட்ரீட் பக்கத்து ஷோரூம், எழுபத்திரண்டாயிரம். எல்லாமே திரைக்குள் அடங்கிய வெள்ளை கம்ப்யூட்டர். பெட்டியைத் தூக்கிக் கொடுக்க வந்த, தெருமுனை கிளப்பின் வங்காளிப் பையன்கள், பிரித்ததும் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

"ஜேட்டு, சிபியூ கோத்தாய்?" என்றான் ஒருவன். சிபியூ எங்கே பெரியப்பா என்று கேட்கிறான்.

"உள்ளாற இருக்குலே. எல்லாம் உள்ளாற இருக்கு" என்றார் மாமா. கப்பலே தன்னுடையது மாதிரி ஒரு நிமிர்வு.

நான் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தேன். சுண்டுவிரல் நீளத்தில் ஒரு வெள்ளை ரிமோட் அதன் பக்கவாட்டில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருந்தது. மாமா அதைக் கவனிக்கவே இல்லை. நான் கவனித்தேன். திரும்பி வரும்போது அது என் பையில் இருந்தது.

அன்றிலிருந்து அந்த மிஷினைப் பற்றி நான் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. துறைமுக ஆபீஸ் கிளார்க் துரைசாமி சார் டீக்கடையில் விசாரித்தார்.

"ஏம்ப்பா, அந்த விலைக்கு அதுல என்னதான் இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார். என் செட்ல மானிட்டர் போனா மானிட்டர மாத்தலாம். ராம் பத்தலைன்னா இன்னொண்ணு சொருகலாம். அதுல ஒண்ணு போச்சுன்னா எல்லாம் போச்சு. உள்ள இருக்கற ஃபேன் கெட்டாகூட மொத்தமா தூக்கிக்கிட்டு ஷோரூமுக்குப் போகணும். மூணு கம்ப்யூட்டர் காசுல ஒரு டி.வி. வாங்கியிருக்காரு."

"அப்ப ஏன் வாங்கினார்?"

"திமிரு சார்."

டீக்கடையில் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு மாமா காதுக்குப் போகாமல் இருக்குமா? மறுநாள் படிக்கட்டில் நின்று, மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி, "அவன் பூட்டுறது கம்ப்யூட்டர் இல்ல, கோழிக்கூடு" என்றார்.

அப்புறம் நான் சும்மா இருப்பேனா? அவர் பிளாக்குக்கும் எங்கள் பிளாக்குக்கும் நடுவில் எட்டடி சந்து. அவர் வீட்டு மிஷின் எங்கள் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தது. அதை ஒருநாளும் அணைக்க மாட்டார். அணைத்து அணைத்துப் போட்டால் கெட்டுவிடுமாம். அவருக்கு நைட் டியூட்டி வந்த வாரம், பகலில் குறட்டை சத்தம் கேட்கும்வரை காத்திருந்து, சரியாக இரண்டு மணிக்கு ஜன்னலில் இருந்து ரிமோட்டை அமுக்கினேன். ஜெயப்ரியா லீவில் வந்தபோது ஏற்றி வைத்துவிட்டுப் போன பழைய சினிமாப் பாட்டு ஒன்று உச்ச சத்தத்தில் கிளம்பியது. "எவம்லே அது?" என்று மாமா லுங்கியோடு எழுந்து ஓடிவந்ததை ஜன்னலுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். அந்த வருஷத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான்.

அவர் டியூட்டி மாறிப் பகலில் போன பிறகும் நான் நிறுத்தவில்லை. பழக்கமாகிவிட்டது. தினமும் இரண்டு மணிக்கு ஒரு பாட்டு.

மே மாதம் பிறந்ததும் நான் சொன்னது பலித்தது. ஞாயிறு நாலு மணிக்கு ஜெயப்ரியா திரையில் வருவாள், பத்தாவது நிமிஷம் திரை கறுத்துவிடும். மூன்று ஞாயிறு இப்படியே போனது. ஷோரூமில் கேட்டால், கொண்டுவந்து கொடுங்கள், பார்க்க மூன்று வாரம் ஆகும் என்றார்களாம். அத்தை சாப்பாட்டைத் தள்ளி வைக்கிறார் என்று அம்மா வந்து சொன்னாள். நாலாவது ஞாயிறு மூன்றரை மணிக்கு மாமாவே எங்கள் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"பாக்க முடியுமா, முடியாதா?"

"எழுபத்திரண்டாயிரம் மிஷினுக்குக் கோழிக்கூடு மெக்கானிக்கா மாமா?"

பல்லைக் கடித்தார். "வாலே."

குத்திக்காட்டத்தான் போனேன். மிஷினின் முதுகைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. தொழிற்சாலையில் ஒட்டிய கண்ணாடித் தாளை இன்னும் பிரிக்கவில்லை. அது போதாதென்று, டி.வி.க்கும் பிரிட்ஜுக்கும் போடுவது போல, ஓரத்தில் லேஸ் வைத்த ஒரு துணி மேலிருந்து பின்னால்வரை தொங்கியது. மூச்சு விடுகிற ஓட்டை எல்லாம் அடைத்துக்கொண்டு மிஷின் சுட்டது.

"தாள ஏன் மாமா பிரிக்கல?"

"புதுசா இருக்கட்டும்னுதான். கீறல் விழுந்துராதா?"

"கீறல் விழல. வெந்துபோச்சு."

துணியை எடுத்தேன், தாளை உரித்தேன். மின்சார ஒயரையும் பார்ப்போம் என்று தரையில் குனிந்தேன். என் செட் இருந்தபோது அங்கே எக்ஸ்டென்ஷன் போர்டு, ஸ்டெபிலைசர், ஸ்பீக்கர், கேமரா என்று ஏழெட்டு ஒயர்கள் தரையெல்லாம் ஓடும். அந்த அறையில் பிளக் இருப்பது எதிர்ச்சுவரில், கதவுக்குப் பக்கத்தில். இப்போது தரையில் ஒன்றுமே இல்லை. ஒரே ஒரு ஒயர், அதுவும் சுவரோடு சுவராக, சாணுக்கு ஒரு கிளிப் அடித்து, கதவுநிலைக்கு மேலே ஏறி இறங்கியது. மாமா அடித்த கிளிப்புகள், எல்லாம் கோணல்.

"இதென்ன மாமா, ஒயருக்கு இவ்வளவு பாதுகாப்பு?"

நாற்காலியில் இருந்த அத்தைதான் வலது கையைத் தூக்கினார். மணிக்கட்டு கொஞ்சம் வளைந்து சேர்ந்திருந்தது. சில மாதங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து உடைந்த கை என்றுதான் எங்களுக்கெல்லாம் தெரியும். பார்க்கப் போனபோது அந்த மாவுக்கட்டின் மேல் மீசையோடு மாமா படம் வரைந்து, அத்தையைச் சிரிக்க வைத்தவன் நான்.

"ஒயரு…" என்றார் அத்தை. "தடுக்கி…"

"நீ சும்மா இரு" என்றார் மாமா.

நான் தரையிலிருந்து எழுந்தேன். "என் ஒயரா?"

"பின்ன என் ஒயரா? கால் தூக்கி வைக்க முடியாதவ. போர்டோட சேத்து இழுத்துட்டு விழுந்தா." மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வெளிய சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. சின்னப் பயலாம். தெரிஞ்சா மத்த வீட்டுக்காரனும் தூக்கிட்டு வந்துருவானாம். உன் தொழில் படுத்துருமாம். நான்னா அன்னிக்கே உன் கால ஒடிச்சிருப்பேன்."

நாலு மணிக்கு ஜெயப்ரியா வந்தாள். பத்து நிமிஷம் ஆனது. இருபது ஆனது. திரை கறுக்கவில்லை. அத்தை மகளிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் பையில் இருந்த ரிமோட்டை அதன் இடத்தில் ஓசையில்லாமல் ஒட்டிவிட்டு வெளியே வந்தேன். மாமா நன்றி சொல்லவில்லை. கதவைத்தான் சாத்தினார்.

அந்த மிஷினுக்கு எழுபத்திரண்டாயிரம் தண்டம் என்று இன்றைக்கும் சொல்வேன். ஒரு பாக்கெட் கிளிப் பதினைந்து ரூபாய். செட்டைப் பூட்டிக் கொடுத்த அன்றைக்கே நான் அரை மணி நேரம் குனிந்து ஒயர்களைச் சுவரில் ஏற்றியிருந்தால் அவருக்கு அத்தனை பணமும் மிச்சம். என் சோம்பேறித்தனத்துக்குத்தான் மாமா விலை கொடுத்தார். ஷோரூம்காரன் அதை வாங்கிப் போட்டுக்கொண்டான். அந்த வாரம் கிளிப்பும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு ஒன்பது வீட்டுக்கும் போனேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் எலி கடிக்கும் என்று சொன்னேன்.

வியாழக்கிழமை காலை, டியூட்டிக்குக் கிளம்பிய கோலத்தில் மாமா எங்கள் வீட்டு வாசலில் நின்றார். கையில் அந்த ரிமோட்.

"இது என்னலே?"

"ரிமோட்."

"அமுக்கிப் பாத்துட்டேன். எங்கிருந்து பாட்டு வந்துச்சுன்னும் தெரிஞ்சுபோச்சு." அடி விழப்போகிறது என்று ஓரடி பின்னால் போனேன். "நாலு நாளா அவ கேட்டு உசிர எடுக்கா. ரெண்டு மணிப் பாட்டு எங்கன்னு கேக்கா. கூடச் சேந்து பாடுவாளாம்ல. எனக்கே இப்பத்தான் தெரியும்."

"நீங்களே போடுங்களேன்."

"ரெண்டு மணிக்கு நான் கிரேன் மேல இருப்பேன்."

ரிமோட்டை எங்கள் ஜன்னல் விளிம்பில் வைத்தார். படி இறங்கும்போது திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"சத்தத்தக் கொறச்சு வையி, நாயே."