முதுகில் சாயம்

நில்சா பெந்தாங்கூர் உட்கார்ந்து மாத்தே இலைத் தேநீர் குடித்து நான் பார்த்ததில்லை. சுரைக்குடுவையைக் கையில் பிடித்தபடி பட்டியைச் சுற்றுவார். ஆறியதும் கீழே கொட்டுவார். தக்குவாரெம்போ மேட்டுநிலத்தில் அவரிடம் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். மாடறிந்தவர் என்று அவரைச் சொல்ல எனக்கு இன்னும் தயக்கம்தான்.

இறைச்சி மந்தையில் ஆண்டுதோறும் கிழப்பசுக்கள் லாரி ஏறும். அந்த இடத்துக்குக் கிடேரிகளைப் பொறுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் எல்லோரும் கண்ணால்தான் பொறுக்குவோம்: உயரம், நேரான முதுகு, பளிச்சென்ற வெள்ளை முகம். போன வருடம் நில்சா அப்படிப் பொறுக்கிய முப்பதில் பதினொன்று சினை பிடிக்கவில்லை. நெடுநெடுவென்று வளர்கிற இனம் பருவத்துக்கு வரத் தாமதமாகும் என்றார் மாட்டு டாக்டர். அழகு என்று நாங்கள் எண்ணியதில் பாதி, இன்னும் முடியாத வளர்ச்சி.

நிலத்தில் பாதி நில்சாவின் தம்பி மில்ட்டனுடையது. தலைநகர் மொன்தெவிதேயோவிலிருந்து வந்திருந்தவர், இந்த முறை நான்குக்கு மேல் சினையில்லாமல் நின்றால் மந்தையை விற்றுவிட்டுத் தைலமரம் நடலாம் என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

நவம்பரில் நில்சா ஒரு காளையை வாங்கிவந்தார். விதைக்குழாய் வெட்டிய காளை. ஏறும், சினை தராது. அதன் தாடைக்கடியில் சாயப்பையைக் கட்டி, அறுபது கிடேரிகளோடு மூன்று வாரம் விட்டோம். பருவத்துக்கு வந்தவற்றின் முதுகில் சிவப்பு விழுந்தது. மொத்தம் இருபத்தேழு. பெரும்பாலும் குட்டையானவை, வயிறு பெருத்தவை.

கழித்தவற்றை ஏற்ற லாரி வந்த அன்று மில்ட்டனும் வந்தார்.

"இதென்னக்கா, கண்காட்சியில கழிச்சு விட்டதா?"

"கழிச்சது அந்தப் பக்கம் நிக்குது."

"அந்தப் பக்கம் நிக்கறதுதான் மாடு. இந்தப் பக்கம் நிக்கறது பீப்பா."

"பீப்பாவுலதான் கன்னுக்கு இடம் இருக்கும்டா."

கழித்தவற்றில் ஒன்று எல்லாவற்றையும்விட உயரம். மில்ட்டன் அதைக் காட்டினார். "அதுலயும் சிவப்பு இருக்கே!"

"நெஞ்சுல இருக்கு. சாயம் பட்ட இன்னொன்னு மேல இது ஏறியிருக்கு, ஒட்டிக்கிச்சு. முதுகுல விழுந்தாத்தான் சரி."

"முப்பதுக்கு இன்னும் மூணு இடம் இருக்குல்ல, போட்டுவையேன்."

நில்சா படலைத் திறந்தார், மூடினார். பட்டியை ஒருமுறை சுற்றிவந்தார். அந்தக் கிடேரி அவரையே பார்த்துக்கொண்டு நின்றது.

"எவாரிஸ்தோ, நீ என்னப்பா சொல்ற?" என்று என்னிடம் கேட்டார்.

"என் கண்ணைக் கேக்காதீங்கம்மா. போன வருஷம் உங்க கண்ணும் என் கண்ணும் சேந்துதானே பொறுக்குச்சு!"

மில்ட்டன் சிரித்துவிட்டார். நில்சா சிரிக்கவில்லை. அந்த உயரக் கிடேரியைத் தன் கையாலேயே லாரியின் சாய்பலகையில் ஏற்றினார். மூன்று இடமும் காலியாகவே இருந்தது.

டிசம்பரில் நல்ல காளைகளை விட்டோம். அதன்பிறகு அவர் ஒரு வேளையும் நிம்மதியாகச் சாப்பிட்டதாக நினைவில்லை. தினமும் குதிரையேறிப் போய் இருபத்தேழையும் எண்ணிவிட்டு வருவார். எண்ணுவதால் சினை பிடிக்காது என்று அவருக்கும் தெரியும். தெரிவது ஒன்று, சும்மா இருக்க முடிவது இன்னொன்று.

ஏப்ரலில் டாக்டர் மரச்சட்டம் அடைத்த குறுகிய சந்தில் ஒவ்வொன்றாக நிறுத்தித் தோள்வரை கையை உள்ளே விட்டுப் பார்த்தார். "சினை. சினை. காலி." அடுத்ததும் காலி. நில்சா கம்பியை இறுகப் பிடித்தார். ஒன்பதாவதில் மூன்றாவது காலி. பிறகு வரிசையாகச் சினை. கடைசி மாடு வெளியே போனபோதும் கணக்கு மூன்றிலேயே நின்றது.

தம்பிக்குப் போன் போட்டார்.

"மூணு."

"அப்ப அடுத்த வருஷமும் இதே மாதிரி பீப்பாதானா?"

"இதைவிடக் குட்டையா," என்று சொல்லி வைத்தார்.

நான் மாத்தேயை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, நின்றபடியே, காலியான மூன்றின் காதுவில்லை எண்களை டாக்டரிடம் கேட்கத் தொடங்கினார்.