கோரிமேட்டில் வாய்க்கால் திறந்த காலை

போன வருடக் கார்த்திகை மழையில் புதுச்சேரிப் பக்கம் போகாதே என்றார்கள். ஆனால் அம்மாவின் இதயப் பரிசோதனைக்குக் கோரிமேடு அரசு மருத்துவமனையில் கொடுத்த தேதியைத் தள்ளிப்போட முடியாது. திருவண்ணாமலையிலிருந்து திண்டிவனம் வழியாக ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம். ஜன்னலுக்கு வெளியே ஏரிகளும் வானமும் ஒரே வெள்ளையாகக் கரைந்துகொண்டிருந்தன. நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன்.

கோரிமேட்டை ஒட்டிய புதுச்சேரி எல்லைக்குச் சற்று முன்னால் பேருந்து நின்றுவிட்டது. சாலையெங்கும் முழங்கால் அளவு தண்ணீர். நோயாளிகள் ஸ்கேன் படங்களைத் தலைக்கு மேல் தூக்கியபடி மெல்ல நடந்துபோனார்கள். மழைப்புகையில் அவர்கள் மிதப்பதுபோல் தெரிந்தது. பின்னால் ஓர் ஆம்புலன்ஸ் அலறியபோதுதான் எனக்கு விழிப்பு வந்தது.

"வாய்க்கா அடைச்சிக்கிச்சி சார்," என்றார் நடத்துநர். "பாதி வாய்க்கா தமிழ்நாடு, பாதி புதுச்சேரி, ரோடு டெல்லி நெடுஞ்சாலைக்காரங்களுது. யாரு தொடுவா?"

எங்கள் ஜன்னலுக்கு நேரே, சாலையோரத்தில் ஒரு பொக்லைன் வேலையில்லாமல் நின்றிருந்தது. அதனருகே புதுச்சேரிப் பொறியாளர் ஒருவரும், தமிழ்நாட்டுப் பக்கத்துக் கிராமத்தின் பஞ்சாயத்துத் தலைவர் அமுதாவும் நனைந்துகொண்டே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லை தாண்டி வெட்டுனா என்னைத்தான்மா கேப்பாங்க."

"உங்க மேலதிகாரிக்கு போன் போட்டுக் குடுங்க சார், நானே கேக்குறேன்."

போனில் அமுதாவின் குரல் உயரவேயில்லை. "அய்யா, வண்டி நெடுஞ்சாலைக்காரங்க குடுத்துட்டாங்க. டீசல் எங்க பஞ்சாயத்துது. சேத்தைக் கொட்ட எங்க பக்கம் இடம் இருக்குது. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். வேலையை நீங்க செஞ்சதாவே எழுதிக்கிங்க."

போனைப் பொறியாளரிடம் திருப்பிக் கொடுத்தார். "சரிங்க சார்" என்று கேட்டுக்கொண்ட பொறியாளரின் முகம் தெளிந்தது.

பொக்லைன் இறங்கியது. குப்பையும் ஆகாயத்தாமரையும் கரையேற, தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடத் தொடங்கியது. சாலை கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. முதலில் ஆம்புலன்ஸைத்தான் விட்டார்கள்.

"அவ யாரையும் திட்டவேயில்ல, பாத்தியா?" என்றாள் அம்மா.

தாமதமாகப் போனாலும் மருத்துவர் பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை என்றார். மாலையில் திரும்பும்போது அமுதாவும் பொறியாளரும் சேற்றுக் குவியலருகே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த வருசம் மழைக்கு முன்னாடியே சேந்து தூர் வாரிடலாம்மா."

"மழைக்கு முன்னாடின்னு சொல்லாதீங்க சார், தேதி சொல்லுங்க."

மழைக்காலத்தில் இந்த வழியாக வந்தால் மருத்துவச் சீட்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பேருந்து முன்னதாகவே கிளம்புங்கள் என்றும் எழுத நினைத்தேன். ஆனால் இந்தக் கார்த்திகையில் மறுபடியும் அதே மழையில் போனோம். பேருந்து எல்லையில் நிற்கவேயில்லை.