சட்டைப்பைத் தலைவர்

நான் அரசியல் பேசித் திரிந்த காலத்தில் கண்டியில் யாரும் என் தோளில் கை போட்டதில்லை. பஸ்ஸுக்கு நின்றால் தெரிந்தவர்கள்கூட ஓர் அடி தள்ளித்தான் நிற்பார்கள். பத்திரிகையில் வாரம் ஒரு பத்தி, தேர்தல் வந்தால் தொலைக்காட்சி விவாதம். மலையகத் தலைவர்களைப் பெயர் சொல்லாமல், ஆனால் ஊருக்கே தெரியும்படி கிழிப்பேன். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தால் "பொறுங்க, நான் இன்னும் முடிக்கல" என்பேன். அந்தக் கூச்சலுக்காகத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. என் கருத்துக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு விவாதத்தைப் பார்த்துவிட்டு ஒரு தொலைக்காட்சி நாடக இயக்குநர் குண்டசாலையில் என் வீட்டைத் தேடி வந்தார். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் ஒருவரின் வேடம் இருக்கிறதாம். "நீங்க நடிக்கவே வேணாம் சார். டீவியில கத்துற மாதிரியே கத்துங்க, போதும்" என்றார். அதையும் புகழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டேன். பத்தி எழுதி நாலு பேரைத் திருத்துவதைவிட, நாடகத்தில் ஒரு தலைவரை நாறடித்தால் நாடே பார்க்கும் என்று மனைவிக்கு விளக்கம் கொடுத்தேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "ஆசை வந்திருச்சுன்னு சொல்லுங்களேன்" என்றாள்.

அந்தத் தலைவருக்கு நான்தான் ஒரு பழக்கத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். தொழிலாளர்கள் வந்து குறை சொல்வார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு வெள்ளைச் சட்டையின் பையை இரண்டு தட்டுத் தட்டி, "எழுதிக்கிட்டேன், நிம்மதியா போங்க" என்பார். பையில் பேனாவும் இருக்காது, தாளும் இருக்காது. முதல் நாள் படப்பிடிப்பில் கமெராக்காரரே சிரித்துவிட்டார். நாடகம் ஓட ஓட, ஊரெல்லாம் நெஞ்சைத் தட்ட ஆரம்பித்துவிட்டது. த்ரீவீல்காரர்கள் ஹோர்ன் அடிப்பதற்குப் பதிலாகத் தட்டிக் காட்டினார்கள். மீன் கடையில் என்னைக் கண்டதும் கத்தியை வைத்துவிட்டுத் தட்டினார்கள். நாடகம் முடிந்ததும் சனிக்கிழமை விளையாட்டு நிகழ்ச்சியை நடத்தக் கூப்பிட்டார்கள். அங்கும் தோற்றுப்போன போட்டியாளரைப் பார்த்துப் பையைத் தட்டுவதுதான் என் வேலை. பத்தி எழுதுவது தானாக நின்றுபோனது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, எனக்கு அதெல்லாம் மிகவும் பிடித்திருந்தது. கருத்துச் சொன்ன காலத்தில் கிடைக்காத அன்பு, கருத்தை விட்டதும் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

என் அக்கா புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறாள். அத்தான் இறந்த பிறகும், தோட்டத் தொழிலாளருக்கென்று கட்டிய அந்த வரிசை வீட்டை, லயத்தை, விட்டு வரவில்லை. லயத்துக்குப் பின்னால் மலைச்சரிவு வெடித்திருந்தது. வந்து பார்த்தவர்கள் ஆபத்து, எழும்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். எங்கே எழும்பிப் போவது என்று சொல்லவில்லை. அடுத்த மழைக்கு முன் மாற்று இடம் கேட்டு, லயத்துச் சனங்கள் அரசாங்க அலுவலகத்தில் ஒரு சந்திப்புக்கு நாள் வாங்கியிருந்தார்கள். அக்கா போன் எடுத்தாள்.

"தம்பி, நீ வந்து ரெண்டு வார்த்தை பேசு. எங்க பேச்சு அவங்க காதுல ஏறாது. நீ பேசுனா கேப்பாங்க."

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பழைய வேகம் திரும்பிவிட்டது போல் இருந்தது. என்ன சொல்ல வேண்டும், எங்கே குரலை உயர்த்த வேண்டும் என்று கண்ணாடி முன்னால் நின்று பார்த்துக்கொண்டேன். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டேன். "அந்தச் சட்டையா?" என்று கேட்டாள் மனைவி. "வெள்ளைச் சட்டைதானே மரியாதை" என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

அலுவலக வாசலில் லயத்துச் சனங்கள் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு நின்றார்கள். பெண்கள் அன்றைய பேரை, அதாவது நாட்கூலியை, விட்டுவிட்டு வந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் அவர்கள் முகத்தில் ஒரு தெம்பு வந்ததைப் பார்த்தேன். அக்கா பக்கத்திலிருந்தவளிடம், "எந் தம்பி" என்றாள், ஏதோ அதுவரை யாருக்கும் தெரியாததுபோல.

அதிகாரி சிங்களவர். நல்ல மனிதர், அதையும் சொல்ல வேண்டும். உள்ளே போனதும் எழும்பிக் கைகொடுத்தார். தன் பிள்ளைகள் சனிக்கிழமை என் நிகழ்ச்சியைப் பார்க்காமல் சாப்பிட மாட்டார்கள் என்றார். தமிழ் அரைகுறையாகத் தெரிந்தாலும் தானும் பார்ப்பாராம். தமிழ் எழுத்தர் ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சார், ஒரே ஒரு தடவை" என்றார். நான் கைகூப்பி, முதலில் விசயத்தைப் பேசுவோம் என்றிருக்கலாம். நான் என்ன செய்தேன்? கண்ணை மூடினேன். சிரிப்பு வருவதற்கு இடம் விட்டு நிறுத்தினேன். பிறகு தட்டினேன். அறை குலுங்கிச் சிரித்தது. இன்னொரு தடவை என்றார்கள், செய்தேன். அவர்கள் கேட்காவிட்டாலும் செய்திருப்பேன் போலிருக்கிறது. லயத்துச் சனங்களும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் பேச ஆரம்பித்தேன். சரிவைப் பற்றிச் சொன்னேன். சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு என்று சொன்னேன். அதிகாரி முன்னால் சாய்ந்து, வாயோரத்தில் சிரிப்போடு கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த பகிடி எப்போது வரும் என்று காத்திருக்கும் முகம். எனக்குக் கோபம் வந்தது. உண்மையான கோபம். "பொறுங்க, நான் இன்னும் முடிக்கல!" என்று மேசையைத் தட்டினேன். எழுத்தர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அப்போதுதான் உறைத்தது. அந்தத் தலைவருக்கு நான் கொடுத்தது என் சொந்தக் குரல். விவாதங்களில் கத்திய அதே குரல், அதே கைவீச்சு, அதே இழுவை. என்னிடம் வேறு குரல் இல்லை. நான் நியாயம் பேசினாலும் இனி அது நாடகத்தின் அடுத்த காட்சிதான். கோபப்படக் கோபப்பட எனக்குக் கைதட்டல்தான் கூடியது. வாயை மூடிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தேன்.

கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்தான் கடைசியில் நேராகக் கேட்டாள். "ஐயா, எப்ப எடம் தருவீங்க?"

அதிகாரி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பிறகு தன் சட்டைப்பையைத் தட்டி, உடைந்த தமிழில், "எழுதிகிட்டேன், நிம்மதியா போங்கோ" என்றார். மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் மரியாதைக்குச் சிரித்தாள். தேநீர் வந்தது, படம் எடுத்தோம், சந்திப்பு முடிந்தது. இப்போதும் அதை நினைத்தால் நடுத்தெருவில் உடம்பு கூசிப்போய் நின்றுவிடுகிறேன்.

அக்கா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. லயத்துக்குக் கூட்டிப்போய் ரொட்டியும் சம்பலும் வைத்தாள். நான் சாப்பிட்ட இடத்துக்கு நேரே சுவர் வெடித்திருந்தது. ஈரம் வராமல் பழைய சேலைத் துணியை அதில் அடைத்திருந்தாள். "பேப்பர்ல எழுதுறேன்க்கா" என்றேன். ம் என்றாள். வீட்டுக்கு வந்து சத்தியமாக எழுதினேன், அழகு பார்க்காமல். பத்திரிகையும் போட்டது, சினிமாப் பக்கத்தில். மேலே நான் பையைத் தட்டும் படம்.

மழை வந்தது. லயத்துச் சனங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படுத்தார்கள். நான் போன் எடுக்கும்போதெல்லாம் அக்கா, "இருக்கோம்" என்பாள்.  நான் அதற்கு மேல் கேட்கத் துணியவில்லை.

பிறகு ஒருநாள் அந்த எழுத்தர் என்னைக் கூப்பிட்டார். இடம் கிடைத்துவிட்டதாம். லயத்துச் சனங்கள் மறுபடியும் வந்து, பிள்ளைகுட்டிகளோடு அலுவலக வாசலில் உட்கார்ந்துவிட்டார்களாம். அதிகாரி தானே மலையேறிப் போய்ச் சரிவைப் பார்த்துவிட்டுத் திரும்பி, காணிக்கான கடிதத்தைத் தானே உட்கார்ந்து எழுதினாராம். ரோட்டுக்குக் கீழே சமநிலத்தில் காணி. கையளிக்க ஒரு சின்ன விழா. "நிகழ்ச்சிய நீங்கதான் நடத்தித் தரணும் சார். எங்க அதிகாரி ஆசப்படுறார்."

இரண்டாம் முறை போனதை அக்கா எனக்குச் சொல்லவேயில்லை. அது சுட்டது. இருந்தும் சந்தோசத்தில் உடனே அவளைக் கூப்பிட்டேன். விழாவை நானே நடத்துகிறேன், ஜமாய்த்துவிடலாம் என்றேன்.



"நீ வராத தம்பி" என்றாள். "கோவிச்சுக்காத. அந்த ஒரு நாளாவது எங்களப் பாத்து யாரும் சிரிக்காம இருக்கட்டும்."

சரியக்கா என்றேன். எழுத்தரை அழைத்து, என்னால் வர முடியாது என்று சொன்னேன்.

"ஏன் சார்?"

பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. "வெக்கமா இருக்கு" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.