லேத் செக்‌ஷன் கிராக்கி ஆன கதை

சந்தாபுராவைத் தாண்டி ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் எனக்குச் சாணை பிடிக்கும் வேலை. லேத்தில் மழுங்கிப்போகும் டூல்களைத் தீட்டிக் கொடுக்க வேண்டும். செக்‌ஷனில் நானும் ஆம்பூர்க்கார அண்ணன் ஒருவரும் மட்டும்தான். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் எதிரில் பேச வராது. சாணைக்கல்லின் சத்தத்தில் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்பதே அந்த வேலையில் எனக்குப் பிடித்த விஷயம்.

தொண்ணூறுகளின் நடுவில் வெளிநாட்டுச் சாமான் வந்து குவியத் தொடங்கியதும் முதலாளி வழியை மாற்றினார். ஒரே பொருளை லோடு லோடாகச் செய்தால் விலையில் நிற்க முடியாது, சின்ன ஆர்டர்களாக எடுத்து எல்லோரையும்விடச் சீக்கிரம் கொடுக்க வேண்டும் என்றார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. அதற்காக ஒவ்வொரு செக்‌ஷனையும் தனிக் கம்பெனி போல ஆக்கினார்கள். லாப நஷ்டமும் தனித்தனி. அதுவரை கேட்டதும் தீட்டிக் கொடுத்த டூலுக்கு இனி லேத் செக்‌ஷன் பெயரில் கூலி எழுத வேண்டும்.

இதை விளக்க வந்த மேனேஜர் மண்டியாப் பக்கத்துக் கன்னடக்காரர், ஓரளவு தமிழ் பேசுவார். "இனிமே லேத் செக்‌ஷன்தான் உங்க கிராக்கி. கிராக்கி மனசு கோணாம பாத்துக்கணும்" என்றார்.

கன்னடத்தில் கிராக்கி என்றால் வாடிக்கையாளர். எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் அது வசவு. கூட நின்ற லேத் சூப்பர்வைசரோ எங்கள் பக்கத்துக் குடியாத்தத்துக்காரர்.

"சார், மரியாதையா பேசுங்க. யாரைக் கிராக்கின்றீங்க?"

"ஏன்ரீ, தப்பா? மரியாதையாத்தானே சொன்னேன்!"

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "விடுய்யா, முன்னால சாவு சேக்காம விட்டாரே."

பிறகு சூப்பர்வைசர் தலை தெரிந்தாலே, "கிராக்கி வருது, ஸ்டூலைத் துடைச்சுப் போடு" என்பார் அண்ணன்.

போகப்போகக் கிராக்கி வருவதே குறைந்துவிட்டது. தீட்டக் கொடுத்தால் அவர் கணக்கில் செலவு ஏறும். அதனால் மழுங்கிய டூலையே போட்டு ஓட்டினார்கள். கடைந்த துண்டுகள் சொரசொரப்பாக வந்து, ஆகாதென்று கழிக்கப்பட்டன. அந்த நஷ்டத்தை, கழித்தவர்கள் நீங்கள்தானே என்று, பரிசோதனை செக்‌ஷன் தலையில் எழுதினார்கள். லேத் கணக்கு பளிச்சென்று இருந்தது. எங்கள் கணக்கில் வரவு என்று ஒன்றுமே இல்லை. மாதக் கூட்டத்தில் எங்கள் செக்‌ஷனை மூடிவிடலாம் என்று பேச்சு வந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. இன்னொரு வாசலில் போய் வேலை கேட்கிற வாய் எனக்கு இல்லை.

ஒரு நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு மேனேஜர் மேசை முன் போய் நின்றேன்.

"சார், தீட்டாமலே ஓட்டறாங்க. அதான் இவ்வளவு துண்டு கழியுது."

"தெரியும்ப்பா. முதலாளிக்கும் தெரியும்" என்றார். "அவர் மேசைக்குப் போற மாச ரிப்போர்ட்ல வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, அவ்வளவுதான் கேக்கறாங்க. சீக்கிரம் குடுத்தோமா, நல்லா குடுத்தோமான்னு எழுத அதுல இடமே இல்ல. நான் எங்க எழுதறது?"

கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் மேல் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

செக்‌ஷனை மூடினார்கள். அண்ணன் கணக்கு முடித்துக்கொண்டு அத்திபெலேயில் ஒரு சாணைப் பட்டறையில் சேர்ந்தார். என்னை லேத் செக்‌ஷனில் உதவி ஆளாகப் போட்டார்கள். கழிவு மிஞ்சிப் போனதும் டூல்களை வெளியே அனுப்பித் தீட்டச் சொன்னார்கள். அண்ணன் சேர்ந்த அதே பட்டறைக்குத்தான். வெளிக்கூலி பொதுச் செலவில் போனதால் எந்த செக்‌ஷனும் முணுமுணுக்கவில்லை. ஆனால் காலையில் டெம்போவில் போகும் டூல் மறுநாள்தான் திரும்பி வரும். அதுவரை அவசர ஆர்டர் மிஷினில் பாதியில் நிற்கும்.

எனக்கு வேலை போகவில்லை. சூப்பர்வைசர் மணிக்கொரு தரம் வந்து, "டெம்போ வந்துச்சா?" என்பார். "இன்னும் வரல சார்" என்பேன். பெரும்பாலான நாட்களில் என் வேலை அதுவாகத்தான் இருந்தது.